எந்தக் கல்யாணம் செல்லும்?

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலச் சட்டமன்றம் கூடுகிற மாதங்களில், தலைநகரான கொலம்பியாவில் தங்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த அறையில், கிடைத்த ஆளோடு, ஒரே கட்டிலில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். டைட்டஸ் கூர்டினும் இஷ்மேல் ரெம்பர்ட்டும் அப்படித்தான் சிநேகிதர்கள் ஆனார்கள்.

டைட்டஸ் கடலோரத்து நெல் வயல்களுக்கு நடுவே பிறந்தவர். வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார். இஷ்மேல் மேட்டு நாட்டுக்காரர், மெதடிஸ்ட் சபையின் போதகர். அவர் தும்மினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். உள்நாட்டுப் போர் முடிந்து, விடுதலை வந்து, ஓட்டுரிமையும் வந்து, தங்கள் மக்களின் ஓட்டில் ஜெயித்து, எஜமானர்கள் உட்கார்ந்திருந்த மன்றத்தில் இப்போது உட்கார்ந்திருந்தார்கள்.

“தள்ளிப் படுய்யா நெல்லுக்காரா. என் தொகுதிக்குள்ள வந்துட்ட,” என்பார் இஷ்மேல்.

“உங்க தொப்பை எல்லை தாண்டி ரொம்ப நாளாச்சு, போதகரே.”

“சோளரொட்டி தின்னு வளந்த உடம்பு. உன்ன மாதிரி சோத்துப் பருக்கைய எண்ணித் தின்ன உடம்பா?”

அந்தக் குளிர்காலத்தில் மன்றத்துக்கு ஒரு கல்யாண மசோதா வந்தது. அடிமைகளுக்குச் சட்டப்படி கல்யாணம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எஜமானன் தலையாட்டினால் சேர்ந்து வாழ்ந்தார்கள். எஜமானன் விற்றால் பிரிந்தார்கள். பிரிந்தவர்கள் போன இடத்தில் இன்னொரு துணை தேடிக்கொண்டார்கள். இப்போது விடுதலைக்குப் பிறகு, தொலைந்துபோன புருஷன்கள் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். தொலைந்துபோன மனைவிகள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். யாருக்கு யார் சொந்தம்? சட்டம் ஏதாவது சொல்லியாக வேண்டும். அதை ஆராயப் போட்ட குழுவில் இரண்டு சிநேகிதர்களும் இருந்தார்கள், எதிரெதிர் பக்கத்தில்.

“இன்னைக்கு யாரு யாரோட ஒரே கூரைக்குக் கீழ இருக்காங்களோ, அதுதான் கல்யாணம். அவ்வளவுதான்,” என்றார் இஷ்மேல்.

டைட்டஸ் எழுந்து நின்றார். அவர் எழுந்ததே மற்ற உறுப்பினர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“வித்தது யாரு? நாமளா? அவன் வித்ததால என் கல்யாணம் முறிஞ்சு போச்சுன்னு நம்ம சட்டமும் சொல்லணுமா? அப்ப அவனுக்கும் நமக்கும் என்னய்யா வித்தியாசம்? முதல் கல்யாணம்தான் கல்யாணம். திரும்பி வர்றவனுக்கு வீடு இருக்கணும்.”

“சரி, திரும்பி வந்தாச்சு,” என்றார் இஷ்மேல், குரலைத் தணித்து. “உள்ள இருக்கிறவன எங்க அனுப்புவ? அவன் யாருக்கு என்ன கெடுதல் பண்ணான்?”

டைட்டஸ் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஒரு மனைவியை இழந்தவர் என்பது இஷ்மேலுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அவள் பெயரைச் சொன்னால் தன் குரல் உடைந்துவிடும் என்று டைட்டஸுக்குப் பயம். அதனால் சொன்னதே இல்லை. அவள் பெயர் டெலியா. எஜமானன் செத்ததும் வாரிசுகள் சொத்தைப் பிரித்தார்கள். அதில் அவள் ஒரு பங்குக்குப் போனாள், அந்தப் பங்கு உடனே விற்பனைக்குப் போனது. வண்டியில் ஏறும்போது அவள் வயிற்றில் அவருடைய பிள்ளை இருந்தது. அப்போது அவர் பெயர் டைட்டஸ் இல்லை, கட்ஜோ. விடுதலைக்குப் பிறகு ஞானஸ்நானத்தில்தான் வேதாகமப் பெயர் வாங்கிக்கொண்டார். அதன் பின் ஊர் ஊராக விசாரித்தார், சபைப் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு கல்யாணம் பற்றி யாராவது பேச்செடுத்தால், “எனக்குத்தான் ஆச்சே,” என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் செதுக்கப் போய்விடுவார்.

மசோதா வாக்கெடுப்புக்கு வரும் வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை இஷ்மேல் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

“கெளம்புய்யா, எங்க ஊருக்கு. என் வீட்டுல ஒரு நேரம் வயிறாரச் சாப்பிடு. அப்புறம் வந்து எனக்கு எதிரா ஓட்டுப் போடு.”

ரயிலில் நியூபெரி வரை போய், அங்கிருந்து கோவேறு கழுதை வண்டியில் போனார்கள். செம்மண் மேட்டில் மரப்பலகை வீடு. முன்கதவில் ஒரு பலகை மட்டும் புதிதாக இருந்தது. போன தேர்தலின்போது, கறுப்பர்களை ஓட்டுப் போடவிடாமல் மிரட்ட முகமூடி போட்டுக்கொண்டு குதிரையில் வந்தவர்கள் சுட்ட இடம் அது. ஊரில் டைட்டஸின் தச்சுக்கடைக் கதவிலும் அப்படி ஒரு பலகை உண்டு.

பிள்ளைகள் ஓடி வந்து இஷ்மேலின் மேல் ஏறினார்கள். பெரியவள் மட்டும் ஏறும் வயதைத் தாண்டியவள். “வாங்க ஐயா,” என்று டைட்டஸின் தொப்பியை வாங்கி மாட்டினாள். அவள் பெயர் மிண்டா என்று சொன்னார்கள். மேசையில் பன்றி இறைச்சியும் வேகவைத்த கீரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இருந்தன. நடுவில் ஒரு பெரிய பாத்திரத்தில் காராமணிப் பயறு போட்ட சோறு, பருக்கை பருக்கையாக.

“என்ன போதகரே, சோளநாட்டுல சோறு?”

“வீட்டுக்காரி உங்க பக்கத்துக்காரி. மாசத்துக்கு ஒரு தடவையாவது அரிசி கண்ணுல காட்டலன்னா என் கதி அவ்வளவுதான். அடுப்படியில இருக்கா, வருவா. முதல்ல ஜெபம் பண்ணிடலாம், ஆறிடும்.”

எல்லோரும் தலைகுனிந்தார்கள். இஷ்மேல் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார், மழைக்கு நன்றி சொன்னார், வந்த விருந்தாளிக்கு நன்றி சொன்னார். பிறகு, தினமும் சொல்லிப் பழகிப்போன ஒன்றைச் சொல்வதுபோல மூச்சுவிடாமல் சொன்னார்:

“எங்க மிண்டாவப் பெத்த கட்ஜோவ நெனச்சுக்கோ ஆண்டவரே. உயிரோட இருந்தா அவனுக்கு ஒரு கொறையும் வராமப் பாத்துக்கோ. இல்லன்னா உன் பக்கத்துலயே வச்சுக்கோ. அவனோட பிள்ளையப் பத்திரமா வச்சிருக்கோம்னு அவனுக்குச் சொல்லு. ஆமென்.”

“ஆமென்,” என்றன பிள்ளைகள்.

டைட்டஸின் கைகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காயிற்று. கண்ணைத் திறந்தார். அடுப்படி வாசலில், ரொட்டித் தட்டைக் கையில் ஏந்தியபடி ஒரு பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள். தலைத்துணிக்கு வெளியே நரை தெரிந்தது. மற்றபடி அவளேதான்.

டெலியா நடந்து வந்து தட்டை மேசையில் வைத்தாள்.

“இஷ்மேல், அந்த ஜெபத்த இனிமே மாத்திக்கலாம். கட்ஜோ வந்தாச்சு.”

யாரும் சாப்பிடவில்லை. இஷ்மேல் மனைவியின் முகத்தைப் பார்த்தார், டைட்டஸின் முகத்தைப் பார்த்தார், பிறகு மிண்டாவின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு பெரிய குரல்காரர் ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்தார். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். மிண்டாவும் கண்ணைத் துடைத்தபடி பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

டெலியா டைட்டஸுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“பொறந்துச்சா,” என்றார். பிறகு, “நல்லாப் பொறந்துச்சா?” என்றார்.

“அந்தா, வெளிய நிக்குதே. உன் காது, உன் பிடிவாதம்.”

“நான் தேடினேன், டெலியா.”

“நானும் தேடினேன். விடுதலை வந்த மறுநாளே அவளக் கூட்டிட்டு கடலோரத்துக்கு நடந்தேன். பழைய எடத்துல ஒருத்தரும் இல்ல. நெல்லுப் படகு கவுந்து நீ செத்துட்டன்னு வழியில ஒருத்தன் சொன்னான். திரும்பி வர்ற வழியில மிண்டாவுக்குக் காய்ச்சல். ஒரு போதகர் வண்டிய நிறுத்தி ஏத்திக்கிட்டாரு.” அவள் ஜன்னலைப் பார்த்தாள். கோடரி விழும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. “உன்னப் பத்தி எல்லாத்தையும் சொன்ன பிறகுதான் அவர கட்டிக்கிட்டேன். அந்த ஜெபத்த ஆரம்பிச்சதே அவருதான். நான் கேக்கல.”

டைட்டஸ் தலையை ஆட்டினார்.

“ஏதோ சட்டம் போடுறீங்களாமே. முதல் கல்யாணம்தான் செல்லும்னு ஒரு தச்சன் ஒத்தக்கால்ல நிக்கிறான்னு சொன்னாரு. அது நீதானா?”

“நான்தான்.”

“அப்போ அந்தச் சட்டப்படி நான் இப்ப மூட்டை கட்டணும்.”

“அப்படி இல்ல டெலியா...”

“ஒரு தடவ என்னைக் கேக்காம வண்டியில ஏத்தினாங்க. இன்னொரு தடவையும் என்னைக் கேக்காம ஏத்துவீங்களா? அந்தக் குழுவுல பொம்பள யாராவது இருக்காளா?”

“இல்ல.”

“அப்போ இப்ப கேளு.”

டைட்டஸ் கேட்டார். “இங்க இருக்கியா, என்கூட வர்றியா?”

டெலியா மேசைக்கு மேலே கையை நீட்டி, உளி பிடித்துக் காய்த்துப்போன அவர் விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

“உனக்காக அழாத நாளில்ல, ரொம்ப வருஷத்துக்கு. உன்ன மறந்தேன்னு நினைச்சுக்காத. ஆனா என் வீடு இது, கட்ஜோ. அவர் நல்ல மனுஷன். அவர் கூடத்தான் கெழவியாகணும்னு இருக்கு. நீ என்மேல கோவிச்சுக்கிட்டாலும் சரி.”

“கோவம் இல்ல,” என்றார். அழுகை வந்தது. அவள் முன்னால் அழ அவருக்கு வெட்கமாக இல்லை. அவளும் அழுதாள். அழுது முடித்ததும் இடுப்பில் கட்டியிருந்த துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சோறு ஆறிப்போச்சு. இரு, சூடு பண்றேன்,” என்று எழுந்தாள்.

வெளியே ஒரு மாசத்துக்குப் போதுமான விறகு கிடந்தது. டைட்டஸைக் கண்டதும் இஷ்மேல் கோடரியை இறக்கினார். நெற்றியில் வியர்வை ஓடியது.

“நான் உன் பக்கம் ஓட்டுப் போடறேன்யா,” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. “அவள இவ்வளவு நாள் பாத்துக்கக் குடுத்து வச்சிருந்துது எனக்கு. உன் கல்யாணம்தான் முதல். நீ சொன்னது நியாயம்.”

“நான் உங்க பக்கம் போடறேன், போதகரே. அவ இங்க இருக்கேன்னுட்டா.”

இஷ்மேல் நிமிர்ந்து பார்த்தார். மேட்டு நாடு முழுக்கக் கேட்கும் அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சின்னக் கேவல் மட்டும் வந்தது. டைட்டஸை இழுத்துக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே விறகுக் குவியலுக்கு நடுவில் நின்றார்கள். கடைசியில் டைட்டஸ்தான் சொன்னார்:

“விடுய்யா, மூச்சு முட்டுது. உள்ள சோறு சூடாகுது.”

அடுத்த வாரம் குழுவில் ஒரே குழப்பம். மேட்டு நாட்டுப் போதகர், சொன்ன சொல் மாறாமல், கடலோரத் தச்சரின் பழைய வாதத்தை எடுத்துப் பேச ஆரம்பித்தார்; தச்சர் போதகரின் வாதத்தைப் பேசினார். தலைவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“மாண்புமிகு உறுப்பினர்களே, நேத்து வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளா இருந்தீங்களே? எது எதுன்னு எனக்கே புரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் வரை டைட்டஸ் நின்றுகொண்டே இருந்தார்.

“இன்னைக்கு ஒண்ணா இருக்கிறவங்க கல்யாணம் செல்லட்டும்,” என்றார். “ஆனா ரெண்டு திருத்தம் வேணும். ரெண்டு புருஷனும் கூப்பிடற இடத்துல, யாரோட இருக்கப் போறேன்னு அந்தப் பொம்பள வாயால சொல்லணும். அவ சொன்னது பதிவாகணும். அடுத்தது, பிரிஞ்சுபோன கல்யாணத்துல பொறந்த பிள்ளைக்கு ரெண்டு அப்பாவும் அப்பாதான். பெத்தவன் பேரும் செல்லும், வளத்தவன் பேரும் செல்லும். ரெண்டு வீட்டுலயும் பங்கு உண்டு.”

“இது எங்க இருந்துய்யா வந்துச்சு?” என்று கேட்டார் பக்கத்து உறுப்பினர்.

“சனிக்கிழமைச் சாப்பாட்டுல இருந்து,” என்றார் இஷ்மேல்.

பிள்ளைகளைப் பற்றிய திருத்தம் நிறைவேறியது. பெண்ணின் வாக்கைக் கேட்க வேண்டும் என்ற திருத்தம் தோற்றது. கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான். அடுத்த கூட்டத்தொடரிலும் டைட்டஸ் அதைக் கொண்டு வந்தார், அப்போதும் தோற்றார். தன் மாவட்டத்தில் அப்படி வழக்கு எழுந்தபோதெல்லாம் மட்டும், சட்டம் இருக்கிறதோ இல்லையோ, கடையில் ஒரு நாற்காலியைப் போட்டு அந்தப் பெண்ணை உட்காரவைத்து, “முதல்ல நீ சொல்லும்மா,” என்பார்.

வசந்தத்தில் மிண்டா அவர் ஊருக்கு வந்தாள். இஷ்மேல் பாதி வழி வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். தன் பெயரை மிண்டா கூர்டின் ரெம்பர்ட் என்று எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருப்பதாக வண்டியிலிருந்து இறங்கும்போதே சொன்னாள். கொசு கடிக்கிறது என்றாள், தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றாள், அவருடைய படகில் ஏறியதும் இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நெல் வயலைச் சுற்றிய வாய்க்காலில் அவர் மெல்லத் துடுப்புப் போட்டார்.

“நான் உங்கள என்னன்னு கூப்பிடறது?” என்று கேட்டாள். “அப்பான்னா அங்க ஒருத்தர் இருக்காரு.”

“உனக்கு எது வாயில வருதோ அது.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நாரை ஒன்று கரையிலிருந்து எழும்பிப் போனது.

“அது இருக்கட்டும்,” என்றாள் மிண்டா. “எங்கம்மா என் வயசுல எப்படி இருந்தாங்க? அத சொல்லுங்க. அம்மாகிட்ட கேட்டா, ரொம்ப அடக்கமான பொண்ணுன்னு அவங்களே சொல்லிக்கிறாங்க.”

டைட்டஸ் துடுப்பை எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

“அடக்கமா? உங்கம்மாவா?” என்று ஆரம்பித்தார். “கேளு, முதல்முதல்ல அவ என்னைப் பாத்ததும் இந்த வாய்க்கால்ல தள்ளிவிட்டா.”