கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை

கண்ணாடியில் பென்சில் மேலே போகிறது, காகிதத்தில் கீழே இறங்குகிறது, நட்சத்திரத்தின் முனைக்கு வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் கை திகைத்து நிற்கிறது, அது குமுதவல்லியின் கை, கோயமுத்தூரில் என் உளவியல் ஆய்வகத்துக்கு எதிரே தட்டச்சு படிக்க வந்தவளைக் கூப்பிட்டுவந்து கண்ணாடியைப் பார்த்தே வரையம்மா என்று உட்காரவைத்திருந்தேன், கை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி, ஒரு பூனைக்குக்கூடக் கற்றுக்கொடுத்தேன், அது வரைந்த நட்சத்திரத்துக்கு தில்லிக் கருத்தரங்கில் என் கட்டுரையைவிடக் கைதட்டல் அதிகம், சொன்னால் யாரும் நம்புவதில்லை, சரியா வந்துச்சுங்களா சார் என்று கேட்டாள், சொல்ல மாட்டேன் என்றேன், உடனுக்குடன் முடிவைச் சொன்னால் கை சோம்பேறியாகிவிடும், என் உத்தியோகம் முழுக்க நான் கட்டிக்கொண்டு அழுத கொள்கை அது, மறுநாளும் வந்து கேட்டாள், அப்புறம் ஒருநாள், இங்க சொல்லாட்டிப் போச்சாதுங்க, வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்து அங்க சொல்லுங்க என்றாள், போனேன், கல்யாணமும் ஆனது, முடிவைத்தான் சொல்லவில்லை.

அதே கண்ணாடி இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையின் நடுவே செங்குத்தாக நிற்கிறது, பக்கவாதத்தில் அவளுக்கு வலக்கை விழுந்துவிட்டது, நாக்கு மட்டும் தப்பித்துக் கூர்மையாகிவிட்டது, இடக்கையைக் கண்ணாடி முன் வைத்து மடக்கி விரிக்கிறாள், கண்ணாடிக்குள் அது வலக்கையாகத் தெரிகிறது, அதைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் கிடக்கும் நிஜக் கைக்கும் பழைய ஞாபகம் வர வேண்டும், அந்தக் கையை நான் மட்டுமே பார்க்க முடியும், முதல் நாளே அசைந்தது என்றேன், அசையவில்லை, மறுநாள் சுண்டுவிரல் தாளம் போட்டது என்றேன், அதற்கும் மறுநாள் கட்டைவிரல் என்னை அதட்டியது என்றேன், கொள்கையெல்லாம் எந்த மூலைக்குப் போனதோ, ஏனுங்க, அந்தப் பூனை வந்து ஆட்டிட்டுப் போச்சுங்களா என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள், இத்தன நாளாப் பொய்தானுங்களே, போதுமுங்க, எடுத்து வெச்சுருங்க இந்தக் கண்ணாடிய.

இன்னைக்கு மட்டும் குமுதம் என்கிறேன், இன்னைக்கு மட்டுந்தானுங்க என்கிறாள், இடக்கை மடங்குகிறது, விரிகிறது, மடங்குகிறது, பின்னால், மேசை விரிப்பின் பூப்போட்ட ஓரத்தில், ஆள்காட்டி விரல் ஒரு கடுகைத் தள்ளுகிற அளவுக்கு நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது, எத்தனையோ பொய்க்குத் திறந்த வாய் திறக்க மாட்டேனென்கிறது, என்னங்க, இன்னைக்கு ஒரு புளுகுங் காணோமே என்று கண்ணாடியை விட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள், பிறகு அந்தப் பழைய குரலில், சரியா வந்துச்சுங்களா சார் என்கிறாள், வந்துச்சு என்று தலையை மட்டும் ஆட்டுகிறேன், நட்சத்திரத்தின் முனையில் திகைத்து நின்ற கை, மெல்லத் திரும்பி, அடுத்த கோட்டில் இறங்குகிறது.