முதல் டிகாஷன்

துறைமுகச் சாலையில் செல்வதுரையின் காப்பி கிளப்பில் மாவாட்டுகிறவள் சண்முகத்தாய். கப்பலுக்கு மூட்டை சுமக்கப் போகிறவர்கள் நின்றபடியே இட்லியை விழுங்கிவிட்டு ஓடுகிற கடை. வெள்ளைக்காரனே கப்பலேறிப் போய்விட்டான். அவளுடைய கூலி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

இனி யாருக்கும் நாள்கூலி ஒரு ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று கேட்பதாகப் பேச்சு. பேச்சை எடுத்தவன் வடை மாஸ்டர் ஜெபசீலன். மறுநாள் காலையில் வேலையாட்கள் நாலு பேரும் சேர்ந்து முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டும். ஒருத்தர் நழுவினாலும் முதலில் சீட்டுக் கிழிவது தனக்குத்தான் என்று சண்முகத்தாய் பயந்தாள். மாவாட்ட ஊரில் ஆளா இல்லை?

அன்று சாயங்காலம் ஜெபசீலனின் தம்ளரிலிருந்து வாசம் தூக்கியது. முதல் டிகாஷன் காசு கொடுப்பவர்களுக்கும் முதலாளிக்கும்தான். சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாவதுதான் வேலையாட்களுக்கு. இதுவோ கள்ளிச்சொட்டு மாதிரிக் கெட்டியான முதல் டிகாஷன்!

"யாருண்ணே குடுத்தா?"

"மொதலாளிதான். அவராக் கூப்பிட்டுத் தந்தாரு. எனக்கே வெளங்கல, ஏளா."

வெளங்கலையாம்! எல்லாரையும் தூண்டிவிட்டு, இவன் தனியாகப் பேசி முடித்துவிட்டானா? நேரே பரிமாறுகிற ஞானையாவிடம் போய்ச் சொன்னாள்.

"நானும் பாத்தேன். ஆளை வளைச்சுட்டாரு," என்றான் அவன். பாத்திரம் கழுவும் சந்தனமாரியின் காதுக்கும் அது போனது.

மறுநாள் ஜெபசீலன் மட்டும் போய் நின்றான். மற்ற மூவரும் அடுக்களைக் கதவோடு ஒட்டிக்கொண்டார்கள். எல்லாம் நாடகம் என்றே நினைத்தாள் சண்முகத்தாய்.

"கூலியக் கூட்டுனா இட்லி வெல ஏறும். மூட்டக்காரன் எதுத்த கடைக்குப் போயிருவான். பொறவு உங்களுக்கு ஏதுலே வேல?" என்றார் செல்வதுரை.

"இட்லி வெல எப்பமோ ஏறிட்டு அண்ணாச்சி. எங்க கூலிதான் ஏறல."

"எங்க கூலியா? மத்த ஆளுவ எங்கலே?"

ஜெபசீலன் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை.

"நாளையிலேருந்து நீ வரண்டாம்," என்றார் செல்வதுரை. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

சண்முகத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. பாவி, எவ்வளவு பெரிய தப்புப் பண்ணிவிட்டோம்!

"அண்ணே, நாம மூணு பேருமாவது போய்க் கேப்போம்," என்றாள் ஞானையாவிடம். அவனும் தலையாட்டினான்.

"ஏளா சண்முகத்தாயி, இங்கன வா," என்று முதலாளியின் குரல் வந்தது. போனாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தம்ளரை நீட்டினார். கைப்பழக்கத்தில் வாங்கிவிட்டாள்.

அதே வாசம்.

அவள் அடுக்களைக்குத் திரும்பியபோது ஞானையா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தம்ளரைத்தான் பார்த்தான். பிறகு சந்தனமாரியின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னான்.