அடைத்த வால்வு

அருப்புக்கோட்டை வட்டாரத்து ஜனங்கள் பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். குழாய் சொட்டினால் பொறுக்க மாட்டார்கள். நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒருதரம் வருகிற இடத்தில் வேறு எப்படி இருக்கும்? பந்தல்குடி சாலையில் உள்ள நூல் மில்லின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி தங்கலட்சுமியும் அந்த ஜனங்களில் ஒருத்திதானே. மொட்டை மாடியில், சோலார் வெந்நீர்த் தகடுகளுக்கு மேலே ஒரு பித்தளை வால்வு ராவும் பகலும் சொட்டிக்கொண்டிருந்தது. சித்திரையில் ஒருநாள் வயிற்றெரிச்சல் தாங்காமல் வேப்பங்குச்சியைச் சீவி அதன் வாயில் அடித்து, மேலே எம்சீல் பசையையும் அப்பிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கியது.

இப்போது புரட்டாசி. தகட்டுக்கும் தொட்டிக்கும் இடையே தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு செத்து இரண்டு நாளாயிற்று. மறுநாள் காலையில் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மில்லைப் பார்க்க வருகிறார்கள். வெயில் தாழ்ந்தபின் செய்யவேண்டிய வேலையை, மேனேஜர் முத்துராஜ் "இப்பவே முடி" என்று ஒற்றைக்காலில் நின்றார். மில் மெக்கானிக் அமிர்தராஜ் புதன்கிழமை உச்சிவெயிலில் புதுப் பம்போடு மாடியேறினான். மோர்ச் செம்போடு தங்கலட்சுமியும் பின்னாலேயே ஏறினாள்.

முத்துராஜ் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். பம்புக்கு இரண்டு பக்கமும் தண்ணீரை நிறுத்தும் திருகுகள் உப்புப் பிடித்து அசைய மறுத்தன. அமிர்தராஜ் அவற்றைத் திட்டிவிட்டு நேராக நட்டுக்கே ஸ்பேனரை எடுத்தான்.

"ரெண்டு நாளா உள்ளயே கொதிக்குதே தம்பி, கழத்துனா மூஞ்சியில அடிக்காதா?" என்று சும்மாதான் கேட்டாள்.

"அதுக்குத்தான் மேல ஒரு வால்வு இருக்குல்லக்கா. சூடு ஏற ஏற ஆவி அது வழியாப் போயிரும். அது மட்டும் இல்லேன்னா இந்நேரம் இது வெடிகுண்டு."

தங்கலட்சுமியின் கண் மேலே, தான் எம்சீல் அப்பிய வால்வுக்குப் போனது. சொல்லிவிடலாம். ஆனால் பத்தடி தள்ளி முத்துராஜ் நிற்கிறார். போன மாதம்தான் ஒரு மெஷினின் மூடியைத் திறந்து பார்த்த குற்றத்துக்காக தொழிலாளி இருளப்பசாமியை மதியச் சாப்பாட்டுக்குக்கூட விடாமல் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார். கூட்டுமாறு பிடித்த கை கரண்டி பிடிக்க அவளுக்குப் பதினாலு வருசம் ஆனது. மகள் அனுசியா நர்சிங் இரண்டாம் வருசம் படிக்கிறாள். புருசன் இருந்திருந்தாலாவது ஒரு சம்பளம் போனால் இன்னொன்று என்று இருக்கலாம்.

"தம்பி, மோரைக் குடிச்சிட்டுச் செய்யி."

"முடிச்சிட்டுக் குடிக்கிறேன்க்கா."

"இன்னைக்குப் புதன். இப்ப ராகு காலம்யா. ஒன்றரை வரைக்கும் பொறு."

அமிர்தராஜ் சிரித்தான். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறவனுக்கு ஏதுக்கா ராகு காலம்?"

அதுவும் சரிதான். வேதக்காரனிடம் போய் ராகுவைக் காட்டினால் ராகு என்ன செய்யும், பாவம்? போனை மூடிய முத்துராஜ் அங்கிருந்தே அதட்டினார். "அவனை வேலை செய்ய விடு தங்கலட்சுமி. கீழ போ."

அவள் இரண்டு படி இறங்கினாள். திரும்பிப் பார்த்தாள். அமிர்தராஜ் நட்டில் ஸ்பேனரை மாட்டி, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். முப்பது வயது முகம். நட்டு கிறீச்சென்று முனகியது.

"கைய எடுய்யா!" என்று கத்தினாள். "அந்த வால்வை நான் அடைச்சு வச்சிருக்கேன்."

அமிர்தராஜ் ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் பின்னால் தாவினான். பிறகு மெல்லத் தகட்டின் மேல்பக்கம் போய்ப் பார்த்தான். எம்சீல் கருங்கல்லாக இறுகிக் கிடந்தது. குழாய்க்குள் ஏதோ உறுமியது.

"எப்ப அடைச்சீக?"

"சித்திரையில."

அவன் முகம் செத்துவிட்டது. ஏன் என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆடியில் செக்கப்புக்கு வந்தவன் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்தான். 'மேல ஒண்ணும் பிரச்சனை இல்லையேக்கா?' என்று கேட்டான். 'சொட்டுத் தண்ணி ஒழுகலப்பா' என்றாள். மாடியேறாமலே அட்டையில் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினான்.

முத்துராஜ் அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கடைசியில், "நாளையிலேர்ந்து இந்த கேட்டுக்குள்ள கால வைக்காத" என்றார். ஆடி மாதத்துக் கையெழுத்துப் பேச்சை அவள் எடுக்கவில்லை. பஞ்சுப் பொதி மூடும் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து, அமிர்தராஜோடு சேர்ந்து தகடுகளை வெயில் படாமல் மூடினாள். அந்த மத்தியானம் முழுக்க, 'ஆடியில மாடியேறலன்னு இவன் சொல்ல மாட்டானா' என்று அவளுடைய ஒரு மனசு அடித்துக்கொண்டது; 'சொல்லித் தொலையாதடா' என்று இன்னொரு மனசு கெஞ்சியது.

ஐந்தரை மணிக்கு, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஒதுங்கி நின்று நட்டை ஒரு மயிரிழை தளர்த்தினான். அத்தனை நேரம் ஆறிய பிறகும் வெந்நீர் சீறிக்கொண்டு போய்த் தொட்டிச் சுவரில் அடித்தது. சுவரில் பட்ட இடம் அவன் மத்தியானம் முகம் வைத்திருந்த உயரம். தங்கலட்சுமி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

சீற்றம் அடங்கியபின் பழைய பம்பைக் கழற்றினான். உள்ளே சுழலவேண்டிய சக்கரத்தை உப்பு கெட்டியாகப் பிடித்திருந்தது. புதுப் பம்பை மாட்டி, வால்வையும் புதிதாகப் போட்டு, சுவிட்சைத் தட்டினான். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முத்துராஜ் அட்டையை நீட்டினார்.

"போன செக்கப்புல எல்லாம் சரியா இருந்துச்சு, அதுக்கப்புறம் கேன்டீன் பொம்பள அடைச்சிருச்சுன்னு எழுதி ஒரு கையெழுத்தப் போடு. மேல கேட்டா காட்டணும்."

அமிர்தராஜ் பேனாவை வாங்கினான். தங்கலட்சுமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"சார்," என்றான். "ஆடியில நான் மாடிக்கே ஏறல சார். அடைப்பு அப்பவே இருந்திருக்கு. நான் பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

முத்துராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் காலைல ஆபீசுக்கு வாங்க" என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

தங்கலட்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்யா, ஒனக்கென்ன கிறுக்கா? ஒருத்தர் சோத்துலயாவது மண்ணு விழாம இருக்கட்டும்னுதான நான் வாய மூடிக்கிட்டு நின்னேன்?"

அமிர்தராஜ் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டான்.

"நீங்க சொன்னதுனாலதான்க்கா எனக்கு இந்த மூஞ்சி மிச்சம். இதை வச்சுக்கிட்டே எப்பிடிக்கா பொய் சொல்ல?"

தார்ப்பாயின் ஒரு முனையை அவள் பிடித்தாள்; மறுமுனையை அவன் பிடித்தான்; இருவரும் மடிக்க ஆரம்பித்தார்கள்.