மாலெர்ப் பெயரும் ஒபகெங்கின் கன்னமும்

தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்கில் மாலெர்ப் துப்பாக்கி என்றால் பண்ணைக்காரர்கள் வேறு கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மற்ற இடங்களில் புதுக் குழலை இரும்புச் சட்டத்தில் இறுக்கிவிட்டு, சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். மாலெர்ப் பட்டறையில் குழலைக் கடைந்து செய்தவனே அதைத் தோளில் தாங்க வேண்டும். இரட்டை மருந்து போட்ட தோட்டா. கன்னம் துப்பாக்கிக் கட்டையோடு ஒட்டியிருக்க வேண்டும். குழல் வெடித்தால் முகம் போகும். வெடிக்காவிட்டால் அதில் பெயர் குத்துவார்கள்.

கடைந்தது ஒபகெங். சுட்டதும் ஒபகெங். குத்திய பெயர் மட்டும் மாலெர்ப்.

கறுப்பர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளவே சட்டம் விடாத காலத்தில், முதலாளி கிழட்டு மாலெர்ப் கதவைச் சாத்திவிட்டு ஒபகெங் கையில் தோட்டாவைக் கொடுத்தான். அதைப் பெருந்தன்மை என்று ஒபகெங் ஒருநாளும் நினைத்ததில்லை. கிழவனுக்குத் தன் முகத்தின் மேல் ஆசை, அவ்வளவுதான்.

கிழவன் செத்தான். அவன் மகள் பட்டறை உரிமத்தைப் புதுப்பிக்க அலைந்து சலித்துப்போய், கம்பெனிப் பெயரை வியாபாரி கிடியன் ஸ்வானபூலுக்கு விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனாள். கடைசல் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. ஸ்வானபூல் வெளிநாட்டு மலிவுத் துப்பாக்கிகளைப் பெட்டி பெட்டியாக இறக்கினான். பழைய ஆட்களில் ஒபகெங்கை மட்டும் வைத்துக்கொண்டான். எதற்கு என்று கடை திறந்த சனிக்கிழமைதான் தெரிந்தது.

முற்றத்தில் தணலின் மேல் சாசேஜுகள் பொரிந்துகொண்டிருந்தன. பண்ணைக்காரர்கள் பிராந்தியும் கோக்குமாக நின்றார்கள்.

"பேரும் அதே பேரு, வழக்கமும் அதே வழக்கம்," என்றான் ஸ்வானபூல். "நம்ம ஒபகெங்கே சுட்டுக் காட்டுவாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "வா பெரியவரே. ஒரே ஒரு குண்டு. நீ பண்ணாத வேலையா?" என்றான்.

ஒபகெங் துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குழலில் மாலெர்ப் என்று ஏற்கெனவே குத்தியிருந்தது.

"இன்னும் யாரும் சுடலை. அதுக்குள்ள பேரைக் குத்திட்டீங்களே, பாஸ்."

"அதுல என்ன இப்ப? சுடு."

"இதை நான் கடையலை. விக்கிறது நீங்க. நீங்களே சுடுங்க."

ஸ்வானபூல் கிட்டே வந்தான். "திங்கட்கிழமை உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

ஒபகெங் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. அவர் மகள் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

"வேணும் பாஸ். ஆனா என் கன்னம் அந்தச் சம்பளத்துல சேராது."

"கிடியன், கயிறு வேணும்னா என் வண்டில கிடக்குது," என்றார் ஹெர்க்லாஸ் கிழவர். அந்தப் பக்கத்திலேயே பெரிய பண்ணை அவருடையது. "அந்த வைக்கோல் கட்டுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்க. நாங்க வேணா திரும்பி நின்னுக்கறோம்."

ஸ்வானபூலின் கழுத்து சிவந்தது. அவன் கோழை இல்லை. துப்பாக்கியைப் பிடுங்கினான், கட்டையில் கன்னத்தை அழுத்தினான், சுட்டான். உதைத்த உதையில் துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கியின் விளிம்பு பட்டுப் புருவம் கிழிந்தது. குழல் தாங்கிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒபகெங்கும் தட்டினார்.

"பாத்தியா? என்ன ஆச்சு இப்ப?" என்றான் ஸ்வானபூல், ரத்தத்தைத் துடைத்தபடி.

"ஒண்ணும் ஆகலை. நல்ல துப்பாக்கி. அதுல உங்க பேரைக் குத்துங்க."

"மாலெர்ப் பேரைக் காசு குடுத்து வாங்கியிருக்கேன்டா நான்."

"பேரைத்தான் வாங்கினீங்க. என்னை யாரும் விக்கலை."

மார்பில் மாலெர்ப் என்று தைத்திருந்த மேலங்கியை ஒபகெங் கழற்றினார். மடித்து, ஸ்வானபூலின் நாற்காலியில் வைத்தார். தணலிலிருந்து ஒரு சாசேஜை எடுத்து ரொட்டிக்குள் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

ஹெர்க்லாஸ் பின்னாலேயே வந்தார். "இனிமே என்ன பண்ணப்போறே?"

"துப்பாக்கிப் பட்டறை உரிமத்துக்குப் போலீஸ்ல எழுதிப் போட்டேன். இல்லைன்னாங்க. மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லைன்னாங்க. திங்கட்கிழமைதான் இப்ப சும்மா ஆயிடுச்சே, போலீஸ் ஸ்டேஷன்லயே போய் உக்காந்துக்கறேன்."

"குடுத்துட்டா என்ன பேரு போடுவே?"

"ஒபகெங் செபோகோடி."

கிழவர் உதட்டைப் பிதுக்கினார். "குழல்ல இடம் பத்தாதேப்பா."

ஒபகெங் ரொட்டியைக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"குழலை நீளமாக் கடையறேன்," என்றார்.