சேவல் வருடத் தூபிக்கு ஒரு துணி

காலையிலேயே இரண்டு கோவில் முடித்திருந்தோம். மூன்றாவதுதான் முக்கியம். பன்னிரண்டு மிருக வருடச் சுழற்சியில் அம்மா சேவல் வருடத்தில் பிறந்தவள். சேவல் வருடத்துக்காரர்களின் தூபி இங்கே இருக்கிறது. சாவதற்குள் ஒரு தடவையாவது அவரவர் வருடத்துத் தூபியைக் கும்பிட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வடக்கத்தி பௌத்த வழக்கம். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகுதான் அம்மாவுக்கு அது ஞாபகம் வந்தது. தூபிக்கு ஒரு மஞ்சள் துணி சுற்ற வேண்டும் என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேரே பிக்கப் வண்டியில் ஏறியிருந்தேன். கண் எரிந்தது. வழி முழுக்க அப்பாவும் அக்கா தாரினும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கோவில் முற்றத்தில் துணியை விரித்தோம். சுற்றுவதற்கு முன்னால் குடும்பத்தார் பெயர்களை அதில் எழுத வேண்டும். அப்பா மண்டியிட்டு மார்க்கரால் நிதானமாக எழுதினார். இன்தா, அது அவர். புவாசோன், அம்மா. பிறகு தேச்சா. கடைசியில் சுமாலி என்று இளைய மகள் என் பெயர்.

தேச்சா என்பது தாரின் பிறந்தபோது வைத்த பெயர். அப்போது அவள் எங்கள் வீட்டுப் பையன். பதினொரு வருடமாக அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்பா மட்டும் புதுப் பெயரையும் சொல்லாமல் "ஏய்" என்றே காலம் தள்ளினார்.

"யாருப்பா இது?" என்றாள் தாரின்.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. எங்க வீட்டுல அப்படி யாரும் இல்ல."

"பேரை அடிச்சுக்கிடிச்சு வைக்காத. தூபித் துணியில அடிச்சா உங்கம்மாவுக்கு ஆகாது."

"நான் ஏன் அடிக்கிறேன்?" மார்க்கரைப் பிடுங்கி, என் பெயருக்குக் கீழே தாரின் என்று எழுதினாள். மற்ற நாலையும்விடப் பெரிதாக.

"நாலு ஆளுக்கு அஞ்சு பேரா?"

"வந்திருக்கிறவங்களை எண்ணிப் பாருங்க. எந்தப் பேரு மிச்சம்னு தெரியும்."

அப்பா பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையையும் கறுப்புக் கால்சட்டையையும் எடுத்தார். கடைக்காரன் ஒட்டிய அட்டை இன்னும் தொங்கியது.

"மாத்திட்டு வா. முடியைக் காலருக்குள்ள விட்டுக்க."

தூபியைச் சுற்றி இரும்பு வேலி. வேலி வாசலில் ஒரு பலகை: பெண்கள் உள்ளே வரக் கூடாது. துணி சுற்ற ஆண்கள்தான் போக முடியும். அப்பா தாரினையும் எதற்கு அழைத்து வந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ மூணு மாசம் பிக்குவாகிக் காவி கட்டியிருந்தா, அந்தக் காவி நுனியைப் பிடிச்சுக்கிட்டே உங்கம்மா சொர்க்கம் போயிருப்பா," என்றார். "நீ கட்டல. போகட்டும். இப்ப பத்தே நிமிஷம் கேக்கறேன். மகன் கையால ஒரு துணி. அதுக்கும் அவளுக்குக் கொடுப்பினை இல்லையா?"

அம்மாவைக் காட்டி அடித்தால் தாரின் விழுவாள் என்று அப்பாவுக்குத் தெரியும். அவள் அம்மாவின் சக்கர நாற்காலிக்கு முன்னால் குந்தினாள்.

"அம்மா, நீ சொல்லு. உனக்கு மகன் கை வேணுமா, துணி ஏறினாப் போதுமா?"

அம்மாவுக்கு இப்போதெல்லாம் சொல் வர நேரமாகும். காத்திருந்தோம்.

"துணி... ஏறணும்," என்றாள். "வெயிலு."

"கேட்டீங்களா?" தாரின் எழுந்தாள். "பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற சீட்டுக் குலுக்கலுக்குப் போனப்ப என்ன எழுதிக் கொடுத்தாங்க? நீ ஆம்பளைக் கணக்குல வர மாட்ட, வீட்டுக்குப் போன்னு. பட்டாளத்துக்கே வேண்டாத ஆம்பளை புத்தருக்கு எதுக்கு?"

"உன் அடையாள அட்டையில 'திரு'ன்னுதான போட்டிருக்கு?"

தாரின் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து அப்பாவின் சட்டைப் பையில் செருகினாள்.

"அப்ப இதைக் கூட்டிட்டுப் போங்க. எதிர்த்துப் பேசாது."

நேராகப் போய் அந்தப் பலகைக்குக் கீழே, குடையும் பூவுமாக நின்ற பெண்களோடு நின்றுகொண்டாள். எனக்கு அந்தப் பலகையைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. இன்றும் பிடிக்காது. ஆனால் அன்று அந்த ஊரில் அவளைப் பெண் என்று சொன்னது அந்தப் பலகை ஒன்றுதான்.

அப்பா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக உள்ளே போனார். வேலிக் காவலர் பல்லில்லாத மனிதர். வழக்கப்படி பெயர்களை உரக்கப் படித்தார்.

"இன்தா... புவாசோன்... தேச்சா... யாருய்யா தேச்சா, மகனா? வரச் சொல்லு. இவ்வளவு நீளத்தை ஒத்த ஆளாச் சுத்துவியா? சுத்தினா துணி உன்னைத்தான் சுத்தும்."

பெண்கள் சிரித்தார்கள். அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் பார்த்தார். தாரின் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"அவன் வரல," என்றார் அப்பா.

"எப்ப வருவான்? நான் இருக்கேன், காத்திருக்கலாம்."

"வர மாட்டான்." துணி முனையைக் காவலர் கையில் திணித்தார். "எனக்கு ரெண்டும் பொண்ணுங்க. பிடிங்க இதை."

அவர்கள் உள்ளே சுற்ற, தாரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே சுற்றினாள். மூன்று சுற்று. துணி இறுகியபோது தேச்சா மடிப்புக்குள் போகவுமில்லை, தாரின் மறையவுமில்லை. என் பெயருக்கு மேலும் கீழுமாக இரண்டு பெயரும் வெயிலில் தெரிந்தன. அம்மா இடது கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனாள். பிறகு, "பசிக்குது," என்றாள்.

வண்டியருகே அப்பா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஏய். பிடி."

"பேரைச் சொல்லிக் கொடுங்க," என்றாள் தாரின். "ஊர்க்காரங்க முன்னாடி பொண்ணுன்னு சொன்ன வாய்தான?"

அப்பா அட்டையை ஸ்டீயரிங்குக்கு முன்னால் கண்ணாடியோரம் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வீடு வரும்வரை அது அங்கேயே வெயிலில் கிடந்தது. அவர் சொல்லவில்லை. அவள் எடுக்கவில்லை.