காலி ஸ்ட்ரோலர்

பூங்கா கேட்டில் நின்ற செக்யூரிட்டி பெண் முதலில் என் பையைத் துழாவினாள். எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, வெளிச் சாப்பாடு உள்ளே போகாது என்று ஓரமாக வைத்தாள். காலை நாலரைக்கு எழுந்து கிளறிய சாதம். போகட்டும். அடுத்து ஸ்ட்ரோலரைப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை. அதைத் தள்ளிக்கொண்டு வந்த என் கணவரைப் பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் குதித்து நொண்டியடித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் பிரியதர்ஷினியைப் பார்த்தாள். "பச்சா கிதர் ஹை?" என்று கேட்டாள். குழந்தை எங்கே என்கிறாள். நான் பிரியாவைக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய பெண்ணுக்கா என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் காலி ஸ்ட்ரோலரை உள்ளே விடக்கூடாது என்பது விதி, ஒன்று குழந்தையை உட்கார வையுங்கள், இல்லையென்றால் இங்கேயே விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எங்களுக்குப் பின்னால் நீளமான வரிசை. என் கணவர் கைப்பிடியை விடாமல் என்னைப் பார்த்தார். நான் பிரியாவைப் பார்த்தேன்.

"ஏறிக்கடா செல்லம். உள்ள போனதும் இறங்கிடலாம்."

"நான் பேபி இல்லம்மா. அஷ்வத் பாக்குறான்."

அஷ்வத் அவளுடைய வகுப்புப் பையன். பஸ்ஸில் எங்களோடு வந்தவன். ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் இவளுக்கு ஸ்ட்ரோலர் பிரியா என்று பெயர். ஒரு நாள் மாலை சாந்தினி சௌக் போய்விட்டு வரும்போது மெட்ரோவில் யாரோ பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிரியா இரண்டு நிமிடம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்து, முட்டிகளை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டு, ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டாள். அப்படித்தான் அவள் எப்போதும் உட்காருவாள்.

ஸ்ட்ரோலர் அவளுக்கானது இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ரமேஷ்குமாருக்கு வயது நாற்பத்தொன்று. ஒன்றரை வருடமாக அவருடைய கால்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நரம்புக் கோளாறு, மெதுவாகக் கூடும், குறைய வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்னார். அதை இந்தியில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் சொன்னார். இரண்டிலும் ஒரே செய்திதான். எதையாவது பிடித்துக்கொண்டால் நடப்பார், பிடிக்காமல் பத்தடி வைத்தால் விழுவார். ஆஸ்பத்திரியில் நாலு முனை வைத்த ஊன்றுகோல் ஒன்று கொடுத்தார்கள். அது பீரோவுக்குப் பின்னால் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் நிற்கிறது. அந்த வாரமே, பிரியாவுக்கு மூன்றரை வயதாகி மேலே தூக்கிப் போட்டிருந்த ஸ்ட்ரோலரைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். துடைத்தார், சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். கடைக்குப் போனாலும் லோதி தோட்டத்துக்குப் போனாலும் இவர் தள்ள, பிரியா பக்கத்தில் ஓட, நான் பையைச் சுமக்க, பார்ப்பவர்களுக்கு நாங்கள் ஒரு பொறுப்பான குடும்பம். மனைவியைத் தள்ள விடாமல் தானே தள்ளுகிறார் பாருங்கள் என்று மாடி வீட்டு அம்மாள் தன் கணவரிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னதும் உண்டு.

ஆபீசில் அவருக்கு நல்ல பெயர். காலையில் முதல் ஆளாக வந்து, சாயங்காலம் கடைசி ஆளாகப் போகிறவர். லிப்டிலிருந்து சீட்டுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவதை யாரும் பார்க்கக்கூடாது என்பதுதான் காரணம் என்று யாருக்குத் தெரியும்? மத்தியானம் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார். அமைச்சகங்களுக்கு இடையிலான கிரிக்கெட் போட்டியில் எட்டு வருடம் வேகப்பந்து போட்டவர். தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் கேட்டேன். "பாவம் ரமேஷ்னு சொல்லுவாங்க. தபால் செக்‌ஷன்ல ஒரு மூலையில உக்கார வச்சு, பர்த்டேக்கு கேக் வெட்டுனா மொதல் துண்ட எனக்குக் குடுப்பாங்க. அது எனக்கு வேணாம் கோதை" என்றார். திருவண்ணாமலையில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். ஒருவருடைய ரகசியத்தை இன்னொருவர் சுமப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்பதை நான் யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் ரகசியம் போய்விடும்.

இந்த ஆபீஸ் உல்லாசப் பயணத்துக்கும் வர மாட்டேன் என்றுதான் சொன்னார். போன வருடம் ஏதோ சாக்குச் சொல்லித் தப்பித்தார். இந்த வருடமும் சொன்னால் சந்தேகப்படுவார்கள். தவிர, பிரியா ஒரு மாதமாக ரயில், படகு என்று படம் வரைந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே நவம்பர் மாதப் புகையில், காலை ஏழு மணிக்கு லோதி ரோட்டில் பஸ் ஏறி, தில்லியின் ஓரத்தில் இருக்கும் இந்தப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தோம். சூரியன் பத்தரை மணிக்கும் பால் கலந்த மாதிரிதான் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் ஆபீசர் சங்கரநாராயணன் சார் எதிரே வந்தார். அஷ்வத்தின் அப்பா. கழுத்தில் பெரிய கேமரா. நல்ல மனிதர், அதுதான் சிரமம். கெட்டவராக இருந்தால் ஒதுங்கிப் போயிருக்கலாம்.

"என்னப்பா ரமேஷ், மகாராணி இன்னும் பல்லக்கை விட்டு இறங்கலையா?"

"தூக்கம் சார் அவளுக்கு. அஞ்சு மணிக்கே எழுப்பிட்டோம்" என்று இவர் சிரித்தார்.

"அஞ்சு வயசு ஆயாச்சு, நடக்க விடுங்கோ. இப்படி வச்சு வச்சுத் தள்ளினா நாளைக்குக் காலேஜுக்கும் தள்ளிண்டு போகணும்" என்றாள் அவர் மனைவி உஷாராணி. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். பெண்ணைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறவள் நான்தான் என்று அவளுக்கு எப்போதோ முடிவாகிவிட்டது. அஷ்வத் குனிந்து தொப்பிக்குள் எட்டிப் பார்த்தான். பிரியா தூங்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்ன பொய்க்கு ஐந்து வயதுக் குழந்தை ஒத்தாசை செய்துகொண்டிருந்தது. எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

எல்லோரும் அவரவர் பாட்டுக்குப் பிரிந்தார்கள். பன்னிரண்டரைக்கு நீரூற்று முன்னால் குரூப் போட்டோ, யாரும் தப்பிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் சார் போனார். நாங்கள் ஆள் குறைவான பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனோம். பிரியா இறங்கினாள், செக்யூரிட்டி தலை தெரிந்தால் ஏறினாள், மறுபடி இறங்கினாள். சொல்லாமலே செய்தாள். கூட்டத்தில் ஸ்ட்ரோலர் ஒரு பெரியவரின் குதிகாலில் இடித்து, அவர் திரும்பி முறைத்தார். காலி வண்டியை வைத்துக்கொண்டு வழியை அடைக்கிறார்கள் என்று ஒரு பஞ்சாபிப் பெண் உரக்கச் சொன்னாள். இவர் "சாரி ஜி, சாரி ஜி" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். குளிரிலும் அவர் பிடரியில் வியர்வை.

பொம்மை ரயிலுக்கு வரிசையில் நிற்பதற்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். கம்பியைப் பார்த்ததும் இவர் முகம் தெளிந்ததை நான் கவனித்தேன். தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்த இடத்தில் மற்ற ஸ்ட்ரோலர்களோடு எங்களுடையதையும் நிறுத்திவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். ரயில் பிளாஸ்டிக் மலையைச் சுற்றி, பிளாஸ்டிக் யானைக்கு அடியில் நுழைந்து, பத்து நிமிடத்தில் திரும்பியது. அந்தப் பத்து நிமிடமும் பிரியா அப்பாவின் மடியில் உட்கார்ந்து கத்தினாள். இவரும் கத்தினார். உட்கார்ந்திருந்தால் அவர் பழைய ரமேஷ்தான்.

வெளியே வந்தால் மஞ்சள் கோட்டுக்குள் ஒன்றுமே இல்லை. வேஷம் போட்டவர்களின் ஊர்வலம் வரப்போகிறது, வழியை விடுவதற்காக எல்லா ஸ்ட்ரோலரையும் கேன்டீனுக்குப் பின்னால் தள்ளிவிட்டோம், டிக்கெட் எதுவும் வேண்டாம், போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான் அங்கிருந்த ஊழியன். அவனுக்கு அது தினசரி வேலை. கம்பி, வெளியேறும் வழியோடு முடிந்துவிட்டது. கடைசித் தூணைப் பிடித்துக்கொண்டு இவர் நின்றார். அங்கிருந்து நீரூற்று முப்பது அடி இருக்கும். நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு செடிகூட இல்லை, வழவழவென்று கழுவிவிட்ட தரை. நீரூற்றின் முன்னால் ஆபீஸ் மொத்தமும் வரிசையாக நின்றிருந்தது.

"ரமேஷ்! வாப்பா, உனக்காகத்தான் வெயிட்டிங்!" சங்கரநாராயணன் சார் கேமராவை ஆட்டினார்.

"இதோ வரேன் சார், ரெண்டு நிமிஷம்!" என்று குரல் கொடுத்துவிட்டு, உதட்டை அசைக்காமல், "கோதை, ஓடு" என்றார்.

ஓடினேன். பிரியாவை அவரோடு விட்டுவிட்டு, பை முதுகில் இடிக்க, ஊர்வலத்துக்கு நின்ற கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். கேன்டீனுக்குப் பின்னால் நாற்பது ஸ்ட்ரோலராவது இருக்கும். எங்களுடையது கடைசியில், யாரோ உலரப் போட்ட ஈரத் துண்டோடு நின்றது. துண்டை எடுத்துப் பக்கத்து வண்டியில் போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்த இடத்தில் கை பள்ளத்தில் இறங்கியது. கைப்பிடியைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சு இரண்டு இடத்தில், அவருடைய விரல்கள் அமுக்கும் இடத்தில், தேய்ந்து நசுங்கி உள்ளே இருந்த கம்பி தெரிந்தது. ஒரு முழு ஆளின் பாரத்தை ஒன்றரை வருடமாக இது தாங்கியிருக்கிறது. குழந்தைக்காகச் செய்த சாமான் இது. சீட்டில் நான் வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டின் தூள் கிடந்தது. அடுத்த வருடம் அவளுக்கு ஆறு வயது. அதற்கடுத்த வருடம் ஏழு. ஏழு வயதுப் பெண்ணை இதற்குள் எப்படி மடக்கி உட்கார வைப்பது என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. அப்படி யோசிக்கிறேன் என்று தெரிந்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

பக்கத்தில் உதவி கவுன்டர் இருந்தது. அதன் முன்னால் நாலு வீல்சேர். உள்ளே ஒரு பெண் சால்வை போர்த்திக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரோலரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அவளிடம் போனேன். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் பெயர் எழுதச் சொன்னாள். யாருக்கு என்று கேட்டாள். யார் கேட்டாலும் குழந்தைக்கு என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ஒரு கணம் நின்றது. "என் வீட்டுக்காரருக்கு" என்று இந்தியில் சொன்னேன். அதைச் சொல்வது இவ்வளவு சின்ன வேலையா என்று இருந்தது. வயது என்ற கட்டத்தில் நாற்பத்தொன்று என்று எழுதியதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். சரிவில் இறக்கும்போது பின்பக்கமாக இறக்க வேண்டும், முன்னால் போகிறவர் காலில் இடிக்காமல் குரல் கொடுத்துக்கொண்டு போக வேண்டும், உட்காருவதற்கு முன் மறக்காமல் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். "சாப்பிடுங்கள்" என்று நாலு கடலையும் கொடுத்தாள்.

நான் தள்ளிக்கொண்டு வருவதை அவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். தூணைப் பிடித்த கை விறைத்தது.

"என்ன இது? வண்டி எங்க?"

"அங்கதான் இருக்கு. நான் எடுத்துட்டு வரல."

"அத்தன பேர் பாக்குறாங்க கோதை. திருப்பிக் கொண்டு போய் வுடு. ப்ளீஸ். அப்புறம் பேசலாம்."

"என்னால முடியலீங்க" என்றேன். வேறு பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது.

"ரமேஷ்! நேரமாறதுப்பா!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

நாங்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றபோது, பிரியா வீல்சேரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கால்வைக்கும் தகட்டில் மிதித்து ஏறி, அதன் அகலமான சீட்டில் நடுவாக உட்கார்ந்தாள். முட்டிகளை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டாள்.

"உக்காந்துட்டேன்பா. தள்ளுங்க. ஜல்தி, அங்கிள் கூப்பிடுறாங்க" என்றது தொப்பிக்குள்ளிருந்து குரல்.

இவருக்குப் புரிய ஒரு வினாடி ஆனது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பிடித்த தூணில் நெற்றியை வைத்துக்கொண்டார் என்று மட்டும் தெரிந்தது.

"எறங்கும்மா" என்றார்.

தொப்பி விலகியது. "நான் எறங்கிட்டா நீங்க எப்படிப்பா வருவீங்க?"

அவளிடம் நாங்கள் எதுவும் சொன்னதே இல்லை. ஒரு நாள்கூட.

ஊர்வலத்தின் மேளம் எங்கோ ஆரம்பித்தது. சங்கரநாராயணன் சார் கேமராவைத் தாழ்த்திவிட்டு இந்தப் பக்கம் உற்றுப் பார்த்தார், ஓரடி முன்னால் வந்தார், நின்றார். நான் குனிந்து இடது சக்கரத்துக்கு ஒன்றும் வலது சக்கரத்துக்கு ஒன்றுமாக பிரேக்கைப் போட்டேன். நிமிர்ந்தபோது அவருடைய வலது கை தூணிலிருந்து எழுந்து, எதையும் பிடிக்காமல் நடுவில் இருந்தது. பிரியா இறங்கிவிட்டாள். இறங்கியவள் திரும்பி, தன் ஷூவின் மண் பட்டிருந்த சீட்டை உள்ளங்கையால் பட்பட்டென்று தட்டிவிட்டாள், வீட்டுக்கு யாராவது வந்தால் நாற்காலியைத் தட்டிப் போடுவாளே, அதே மாதிரி.