காய்ச்சல் குடித்த பூச்சாடிகள்

மணலடிப்பவரின் மகளுக்கு இருந்த காய்ச்சல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உலை கொதிக்கும் நேரத்துக்குள் மேசைமேல் இருந்த பூச்சாடிக்குள் இறங்கிப்போனது. மணலடிப்பவர் என்றால் வேறொன்றுமில்லை, குளியலறை ஜன்னலுக்கும் ஆபீஸ் கதவுக்கும் போகிற கண்ணாடியில் காற்றோடு மணலை வீசி மங்கலாக்குகிற மனுஷர். அந்தப் பூச்சாடி அவர் கைவேலை அல்ல. யாரோ வீடு காலி செய்தபோது வேண்டாமென்று கொடுத்தது. வட ஐரோப்பிய நார்டிக் பாணி, அந்தக் காலத்துச் சரக்கு, உடம்பெல்லாம் பனி பூத்த வெள்ளைக் கண்ணாடி. எந்த மருந்துக்கும் மசியாத காய்ச்சலோடு கிடந்த குழந்தை, ஜில்லென்றிருக்கிறதே என்று அதைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டது. எழுந்தபோது காய்ச்சல் இல்லை. சாடியில் பனியும் இல்லை. தண்ணீர் டம்ளர் மாதிரி பளிச்சென்று நின்றது.

டாக்டர்கள் கைவிரித்த பிள்ளையாயிற்றே, அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த மாதம் காய்ச்சலும் திரும்பி வந்தது. தெளிந்த சாடி இன்னொரு காய்ச்சலைக் குடிக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அதே மாதிரிப் பனி பூத்த பழைய சாடிகளுக்காக ஊரை அலசத் தொடங்கினாள். பழைய சாமான் கடை, ஏலம், செத்தவர் வீட்டு அலமாரி, எதையும் விடவில்லை. கடையில் புதிதாக வந்து குவிந்த நகல் சாடிகளைக் காய்ச்சல் சீந்தக்கூட இல்லை. அதற்கும் அசல் எது போலி எது என்று தெரிந்திருந்தது. இப்படியே குழந்தைக்குப் பால்பல் விழுந்து முளைத்தது, பள்ளிக்கூடம் போனது, வாய்ப்பாடு சொன்னது. தெளிந்த சாடிகள் பரண் நிறைந்து மாடிப்படி வரை வந்துவிட்டன. ஆரம்பத்தில் ஐயோ பாவம் என்று எடுத்துக் கொடுத்தவர்கள், பிறகு அவள் தலையைக் கண்டாலே ஷோகேஸைப் பூட்டினார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம், அவரவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன.

கடைசியில் ஒரே ஒரு சாடி மிஞ்சியது, நீளக் கழுத்துக்காரி, சாம்பல் நிறம். அதைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருந்தாள். அந்தத் தடவை காய்ச்சல் ஏறியபோது எடுத்து வந்து குழந்தையின் கையில் கொடுத்தாள். மத்தியானம் வரை பார்த்தாள். பனி அப்படியே இருந்தது. பிள்ளை அனலாய்க் கொதித்தது.

வாசலில் நின்ற கணவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"என்னங்க பண்ணீங்க?"

"பனி ரொம்ப மெலிசா இருந்துச்சும்மா. பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் மேல ஒரு கை மணல் அடிச்சேன். கெட்டியா இருந்தா இன்னும் நாலு காய்ச்சல் தாங்கும்னு நெனச்சேன்."

"உங்ககிட்ட யாரு கேட்டா? கை சும்மா இருக்காதா உங்களுக்கு? ஐயோ, என் புள்ளயைக் கொன்னுட்டீங்களே!"

பாவி மனுஷர், ஆசையில் செய்த காரியம். கண்ணாடியைக் கண்டால் மணலடிக்காமல் இருக்கத் தெரியாத கை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மகளைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "எனக்குள்ள வந்துடு, எனக்குள்ள வந்துடு" என்று காய்ச்சலைக் கெஞ்சினார். மனைவி பிடுங்கப் பார்த்தும் விடவில்லை. சாயங்காலம் குழந்தை கண்ணைத் திறந்து, "அப்பா, குளிருது, விடு" என்றது. நெற்றியைத் தொட்டுப் பார்த்த அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். பிறகுதான் கணவரைப் பார்த்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை அவர் பனி பூத்த கண்ணாடியாகியிருந்தார். உள்ளே இதயம் ஒரு சிவப்பு மங்கலாக அசைந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் அவர் பட்டறைக்குப் போவதில்லை, மணல் பட்டால் வீணாகிவிடுவார் என்று மனைவி அனுப்புவதில்லை. தெருக்காரர்களும் பழகிவிட்டார்கள், பஸ்ஸில் அவரை இடிக்காமல் தள்ளி நிற்கிறார்கள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அப்பா மடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் தோளருகே கொஞ்சம் தெளிகிறது. இப்போது அந்த இடத்தின் வழியாக நாற்காலியின் முதுகு தெரிகிறது. அதை அவர்கள் பேசிக்கொள்வதில்லை. காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, மனைவி தன் முழங்கையைத் தொட்டுப் பார்க்கிறாள், அவர் முழுக்கத் தெளிவதற்குள் அதுவும் கண்ணாடியாய்க் குளிர ஆரம்பித்துவிட்டதா என்று. இன்னும் இல்லை. மடியில் மகளை இழுத்து வைத்துக்கொண்டு தலை பின்னத் தொடங்குகிறாள்.